அம்மாவுக்கு ஆபரேஷன் என்று பொய் சொல்லிப் பணம் வாங்கினார்: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: நான் ஒரு தனியார் நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் ஒருவர் ஓயாமல் பொய் சொல்வார். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதில்கூடப் பொய். போகாத ஊருக்குப் போனதாகச் சொல்வார், படிக்காத படிப்பைப் படித்ததாகச் சொல்வார். அதனால் அவருக்கு ஒரு லாபமும் கிடையாது. "அவர் அப்படித்தான்" என்று நாங்களும் விட்டுவிட்டோம். இரண்டரை வருடத்துக்கு முன்னால், அம்மாவுக்கு அவசர ஆபரேஷன் என்று அழுதார். மருத்துவமனைக் கடிதம் என்று ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என் ஐந்து மாதச் சம்பளத்தை இரண்டு தவணையாக அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். என் கணவருக்கு இது தெரியாது. போன மாதம் தற்செயலாக அவருடைய அம்மாவைச் சந்தித்தேன். தனக்கு ஆபரேஷனே நடக்கவில்லை என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அன்றிலிருந்து, எனக்கும் அவருக்கும் தவறான உறவு இருந்ததாகவும், அது முறிந்த கோபத்தில் நான் பணம் பறிக்கப் பார்ப்பதாகவும் அலுவலகத்தில் சொல்லித் திரிகிறார். இன்னும் மூன்று பேரிடம் இதே ஆபரேஷன் கதையைச் சொல்லி வாங்கியிருக்கிறார். அவருடைய பொய்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். அவரைப் பொய்யர் என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியுமா? "அது ஒரு மனநோய், கேஸ் நிற்காது" என்கிறார் ஒரு தோழி. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எல்லோரையும் எச்சரித்துப் பதிவு போடலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடிட்டது "இரண்டரை வருடத்துக்கு முன்னால்" என்ற சொற்களைத்தான். மற்றதெல்லாம் அப்புறம். கைமாற்றாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு சிவில் வழக்குப் போட, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று வருடம்தான் தருகிறது. திருப்பித் தரும் நாள் என்று எதையும் பேசிக்கொள்ளாமல் கொடுத்திருந்தால், பணம் கை மாறிய நாளிலிருந்தே அந்த மூன்று வருடம் ஓடத் தொடங்கிவிடும். இரண்டு தவணையாக அனுப்பியிருக்கிறீர்கள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கெடு தனித்தனி. இன்றைக்கே வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து அந்த இரண்டு தேதிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். முதல் தவணைக்கு உங்கள் கையில் ஆறு மாதம்கூட இல்லாமல் இருக்கலாம்.

மோசடி தெரியவந்த நாளிலிருந்து கெடுவைக் கணக்கிட அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. ஆனால் "கடன் கொடுத்தது அவருக்கு முதல் நாளே தெரியும், மறைக்கப்பட்டது காரணம் மட்டும்தானே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அந்த வாதத்தில் ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம். கெடுவுக்குள் வழக்குப் போட்டுவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

இன்னொரு வழி, 18-ஆவது பிரிவு. மூன்று வருடம் முடிவதற்குள் அவர் "இவ்வளவு தொகை தர வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தக் கையெழுத்து நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். முடிந்தபின் வாங்கும் ஒப்புகைக்கு இந்தப் பலன் இல்லை. வாய்ப்பேச்சுக்கும் இல்லை. அடுத்த மாதம், போனஸ் வந்ததும், நிலம் விற்றதும் என்று பேசியே நாளைக் கடத்துவது இப்படிப்பட்டவர்களுக்குக் கைவந்த கலை. என்னிடம் வந்தவர்களில் பணத்தை இழந்தவர்கள் பெரும்பாலும் முதல் பொய்யில் இழக்கவில்லை. "இதோ தந்துவிடுகிறேன்" என்ற கடைசிப் பொய்யை நம்பிக் கெடுவைத் தவறவிட்டுத்தான் இழந்தார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒருவரைப் பொய்யர் என்று தீர்ப்பு எழுதி வாங்க எந்த நீதிமன்றத்திலும் வழி இல்லை. உங்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிகிறது. வருடக்கணக்கில் ஒருவர் சொன்னதை நம்பியிருக்கிறீர்கள். நம்பிய நீங்கள்தான் இப்போது கெட்டவர் ஆகிவிட்டீர்கள். யாராவது ஒருவர் மேடையேறி "இந்தப் பெண் சொல்வதுதான் உண்மை" என்று சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் சட்டம் கேட்பது ஒரே ஒரு பொய்யைத்தான்: எந்தப் பொய்யை நம்பி உங்கள் கையை விட்டுப் பணம் போனது? அதை மட்டும் நிரூபித்தால் போதும். பார்க்காத ஊர், படிக்காத படிப்பு எல்லாம் குற்றமே அல்ல.

பொய் சொல்லி நம்பவைத்து, நேர்மையற்ற எண்ணத்தோடு பணத்தைக் கொடுக்க வைப்பதுதான் மோசடிக் குற்றம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நீங்கள் பணம் கொடுத்தது அதற்கு முன்பு என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவு. அன்றோ அதற்குப் பின்போ என்றால் புதிய சட்டத்தின் 318(4). இரண்டிலும் ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இந்த அளவு தண்டனை உள்ள குற்றங்களுக்கு, நடவடிக்கை எடுக்கச் சட்டம் காலக்கெடு வைக்கவில்லை. ஆனாலும் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். போன மாதம்தான் தெரியவந்தது என்பதைப் புகாரில் தேதியோடு எழுதுங்கள்.

காவல் நிலையத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய முதல் பதில், "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்பதாக இருக்கும். அவர்கள் அப்படிச் சொல்வதற்கும் அடிப்படை உண்டு. வாங்கிய கடனைத் திருப்பித் தராதது மட்டும் மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் வித்தியாசம் இதுதான்: அவர் பின்னால் வாக்குத் தவறவில்லை, கேட்ட அன்றைக்கே இல்லாத ஆபரேஷனைச் சொல்லித்தான் கேட்டார். புகாரின் முதல் பத்தியிலேயே இது இருக்க வேண்டும்.

அந்த மருத்துவமனைக் கடிதம்தான் உங்கள் கையில் உள்ள பெரிய ஆயுதம். அது போலி என்றால், ஏமாற்றுவதற்காகப் பொய் ஆவணம் தயாரித்த குற்றமும் அதை உண்மை போலப் பயன்படுத்திய குற்றமும் சேரும் (பழைய சட்டத்தில் 468, 471, புதியதில் 336(3), 340). மருத்துவமனைக்கு நீங்களே போய் விசாரிக்காதீர்கள். அடுத்தவருடைய சிகிச்சை விவரத்தை உங்களிடம் தரமாட்டார்கள், தரவும் கூடாது. போலீஸ் கேட்டால் தருவார்கள். அவருடைய அம்மாவைச் சாட்சியாக நம்பியும் இறங்க வேண்டாம். உங்களிடம் உண்மையைச் சொன்ன அந்தத் தாய், மகன் கூண்டில் நிற்கும்போதும் அதையே சொல்வார் என்று எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் கொடுமை. காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் மனுப் போடலாம்.

நோட்டைப் பற்றி. தூக்கிப் போடாதீர்கள், ஆனால் முழுவதையும் கோர்ட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஒருவர் பொதுவாகக் கெட்ட நடத்தை உள்ளவர், அதனால் இதையும் செய்திருப்பார் என்று வாதிடச் சாட்சியச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. நாற்பது பொய்களையும் அடுக்கினால் நடுவர் உங்களைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார். ஆனால் அந்த நோட்டில் மூன்று பக்கம் தங்கம். இதே ஆபரேஷன் கதையைச் சொல்லி மற்ற மூன்று பேரிடம் வாங்கியது எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பக்கங்கள். ஒரு செயல் தற்செயலா, திட்டமிட்டதா என்ற கேள்வி வரும்போது, அதே மாதிரி வரிசையாக நடந்தவற்றைக் காட்டலாம் என்கிறது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 13-ஆவது பிரிவு. சட்டப் புத்தகமே ஒரு உதாரணம் தருகிறது: ஒருவர் வீடு மாற்றி வீடு குடியிருக்கிறார், ஒவ்வொன்றையும் காப்பீடு செய்கிறார், ஒவ்வொன்றிலும் தீப்பிடிக்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு கம்பெனியில் பணம் வாங்குகிறார். ஒரு தீ விபத்தாக இருக்கலாம். வரிசையாகப் பற்றினால் அதை விபத்து என்று யார் நம்புவார்கள்? உங்கள் மூன்று சக ஊழியர்களும் தனித்தனியாக எழுதித் தந்து, அவரவர் வங்கி விவரத்தையும் வைத்தால், "அப்போது நிஜமாகவே கஷ்டம், கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லிவிட்டேன்" என்று அவர் தப்ப முடியாது. ஆனால் அவர்களுடைய பணத்துக்கும் அந்த மூன்று வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை இன்றே முழுசாக ஏற்றுமதி செய்து பத்திரப்படுத்துங்கள். அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை அச்சடித்துக் கொடுத்தால் போதாது. மின்னணு ஆவணத்தோடு அதே சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதன் ஒரு பகுதியை நீங்களும் மறு பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். அப்புறம், இனி அவரிடம் பேசுவதை எழுத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திட்டாமல், மிரட்டாமல், ஒரே ஒரு கேள்வி: "இன்ன தேதிகளில் அம்மாவின் ஆபரேஷனுக்காக நான் அனுப்பிய பணத்தை எப்போது தருகிறீர்கள்?" கதை சொல்லிப் பழகியவர்களால் சும்மா இருக்க முடியாது. ஆபரேஷன் தள்ளிப்போனது, வேறு மருத்துவமனைக்கு மாற்றினோம் என்று புதுக்கதை எழுதுவார்கள். எழுதட்டும். பணம் வாங்கியதை அதிலேயே ஒப்புக்கொண்டிருப்பார்.

மனநோய் என்றால் கேஸ் நிற்காது என்று உங்கள் தோழி சொன்னது சரியல்ல. காரணமே இல்லாமல் பொய் சொல்லும் பழக்கத்தை மருத்துவர்கள் நூறு வருடத்துக்கு மேலாக அறிவார்கள். 1891-லேயே அன்டன் டெல்ப்ரூக் என்ற மனநல மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இல் இது தனி நோயாக இல்லை. ஒருவேளை அவருக்கு ஏதோ பாதிப்பு இருந்தாலும், சட்டம் தரும் விலக்கு மிகக் குறுகலானது. தான் செய்வது என்ன, அது தவறா என்று அறிய முடியாத அளவுக்கு மனம் கெட்டிருந்தால்தான் புதிய தண்டனைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு (பழைய 84) காப்பாற்றும். அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது. போலிக் கடிதம் தயாரித்து, கதை சொல்லி, கேட்டதும் உங்கள் மேலேயே பழியைத் திருப்பத் தெரிந்தவருக்கு அந்த விலக்கு கிடைக்காது. அவருக்கு உதவி தேவைப்படலாம். அது கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் அந்தச் செலவை உங்கள் சம்பளத்திலிருந்து ஏற்கும் கடமை உங்களுக்கு இல்லை.

குழுவில் பதிவு போடுவதா? வேண்டவே வேண்டாம். "இவர் ஒரு பொய்யர், மோசடிக்காரர்" என்று எழுதிய அடுத்த நிமிடம், அவதூறு வழக்குப் போடும் வாய்ப்பு அவர் கைக்குப் போய்விடும். கிரிமினல் அவதூறில் (புதிய சட்டத்தில் 356) உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, அதைச் சொன்னது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். யாராவது உங்களிடம் வந்து "அவருக்குக் கடன் கொடுக்கலாமா?" என்று நேரில் கேட்டால், கேட்டவருடைய நன்மைக்காக, நடந்ததை நடந்தபடி சொல்லலாம். நல்லெண்ணத்தோடு செய்யும் எச்சரிக்கைக்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது.

உங்களைப் பற்றி அவர் பரப்பும் வதந்திதான் என்னை மிகவும் வருத்தியது. இதைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர் சொன்னதைக் காதால் கேட்ட ஒருவராவது, என்ன சொன்னார், என்றைக்கு, எங்கே என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சம்மதிக்கிறாரா பாருங்கள். "எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்" என்பது சாட்சி ஆகாது. அவதூறுக்கு நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கு ஒரு வருடம்தான் கெடு. ஆனால் அதைவிடச் சீக்கிரமான வழி உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கக்கூடும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தவறான உறவு என்று ஒரு பெண்ணைப் பற்றிப் பேசித் திரிவதை அந்தக் குழுவின் முன் வைக்கலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். பணத் தகராறை அந்த மனுவில் நீட்டி முழக்காதீர்கள். வதந்தியை மட்டும் எழுதுங்கள்.

கடைசியாக, சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்று. பணத்தைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் உங்கள் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பணம் வாங்கிய அந்த மனிதருக்கு இன்று உங்கள் மேல் இருக்கும் ஒரே பிடி, இந்த ஒரு விஷயம் வீட்டுக்குத் தெரியாது என்பதுதான். அவர் தவறான உறவு என்ற கதையைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பதில் நோட்டீஸ் உங்கள் வீட்டு முகவரிக்கும் வரலாம், அதில் என்ன எழுதியிருக்கும் என்று இப்போதே நாம் ஊகிக்கலாம். அதை உங்கள் கணவர் முதன்முதலாகத் தபாலில் படிக்கக் கூடாது. அவர் கோபப்படலாம். கேட்காமல் கொடுத்துவிட்டாயே என்று வருத்தப்படலாம். ஆனால் குறுக்கு விசாரணையில் "இதை ஏன் கணவரிடம் மறைத்தீர்கள்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அப்போது மறைக்க எதுவும் இல்லாத பெண்ணாக நீங்கள் நிற்க வேண்டும். அதே காரணத்துக்காக, புகாரில் ஒரு வரிகூட மிகைப்படுத்தாதீர்கள். கொடுத்த தொகையைக் கூட்டாதீர்கள், சொல்லாத மிரட்டலைச் சேர்க்காதீர்கள்.

வங்கி விவரம், அந்த போன், நோட்டில் அந்த மூன்று பக்கம், இவற்றோடு இந்த வாரமே உங்கள் ஊரில் ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள். நேரம் போதவில்லை என்றால் நோட்டீஸுக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தனிமனிதர் மீது பண வழக்குப் போட நோட்டீஸ் கட்டாயம் இல்லை. இலவச சட்ட உதவி பெற எல்லாப் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் உரிமை உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.