1948-இல் பாலஸ்தீனியர்கள் வெளியேற்றப்பட்டதைப் பற்றி இஸ்ரேலிய எழுத்தாளர்கள் யாராவது எழுதியிருக்கிறார்களா?

எழுதியிருக்கிறார்கள், அதுவும் சுடச்சுட. எஸ். இஸ்ஹார் 1948 போரில் இஸ்ரேல் தரப்பில் இருந்தவர். அப்புறம் பல ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினர். 1949-லேயே 'கிர்பெத் கிஸே' என்ற ஹீப்ரு குறுநாவலை வெளியிட்டார்.

ஊர் கற்பனைதான், நடப்பது கற்பனையல்ல. படைவீரர்கள் அரபு முதியவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் லாரிகளில் ஏற்றி எல்லைக்கு அப்பால் அனுப்புகிறார்கள். கதைசொல்லியும் அவர்களில் ஒரு வீரன். பார்த்துக்கொண்டே நிற்கும்போது அவனுக்குச் சட்டென்று உறைக்கிறது: நாடுகடத்தல் என்றால் இதுதான். ஹீப்ருவில் 'கலூத்'. இரண்டாயிரம் ஆண்டுகளாக யூதர்கள் பிரார்த்தனையில் சுமந்து அழுத சொல். அதையே இப்போது அவன் இன்னொருவருக்குச் செய்கிறான். மனம் குமுறினாலும் கட்டளையை மீறுவதில்லை. என்னை மிகவும் உலுக்கிய இடம் அது.

இந்தக் கதை இஸ்ரேலியப் பள்ளிப் பாடத்திட்டத்திலும் இடம்பெற்றது. 1978-இல் தொலைக்காட்சியில் படமாக வந்தபோது பெரிய சர்ச்சை வெடித்தது.