ஸ்பெயினின் இடைக்காலக் கிராமங்களைக் காரில் நிதானமாகப் பார்க்க எந்தப் பக்கம் போகலாம்?

கிழக்கு ஸ்பெயினின் தெருவேல் மாகாணத்துப் பக்கம் போங்கள். பார்சிலோனாவும் மாட்ரிட்டும் பார்த்தாகிவிட்டது, ஒரு வாரம் இருக்கிறது, வயதான அம்மாவும் உடன் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வலென்சியாவில் கார் எடுத்து, தெருவேல், அல்பர்ரசின், காந்தாவியேகா, மிராம்பெல், மொரெய்யா என்று மலைக்குள் ஒரு வட்டமடித்துவிட்டு, கடற்கரை வழியாகத் திரும்புங்கள். நானும் என் கணவரும் போன பாதை இதுதான். இன்னும் நாலு ஊரைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று வரைபடம் ஆசை காட்டும். சேர்க்காதீர்கள். இந்த ஊர்களில் இரவு தங்கினால்தான் அவை நமக்குப் பிடிபடும்.

வலென்சியாவிலிருந்து தெருவேல் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். நல்ல சாலை, சுங்கம் கிடையாது. தெருவேலில் அரை நாள் போதும். ஆனால் அங்கிருக்கும் செங்கல் கோபுரங்களை அவசரமாகப் பார்க்க வேண்டாம். 12-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியைக் கிறிஸ்தவ அரசர்கள் கைப்பற்றிய பிறகும் முஸ்லிம் கைவினைஞர்கள் இங்கேயே வாழ்ந்தார்கள். தேவாலயத்தின் மணிக்கோபுரத்தில் பள்ளிவாசல் மினாரின் செங்கல் வேலைப்பாடும், பச்சையும் வெள்ளையுமாக மினுக்கும் ஓடுகளும் வந்தது அப்படித்தான். சான் மார்ட்டின், எல் சல்வதோர் கோபுரங்களின் அடியில் தெருவே நுழைந்து போகிறது. 1986-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

அல்பர்ரசினுக்குக் கட்டாயம் ஓர் இரவு ஒதுக்குங்கள். குவாதலவியார் ஆறு வளைந்து ஓடும் பாறை முனையில் ஏறக்குறைய ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஊர். அந்தப் பகுதியில் கிடைக்கும் செந்நிற ஜிப்சத்தைக் குழைத்துச் சுவர்களுக்குப் பூசியிருப்பதால் ஊரே இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. கீழே இடமில்லாததால் மேல்மாடிகளைத் தெருவுக்கு மேலே நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். சில சந்துகளில் எதிரெதிர்க் கூரைகள் உரசிக்கொள்வது போல நிற்கின்றன. 11-ஆம் நூற்றாண்டில் பனூ ரசீன் என்ற வட ஆப்பிரிக்க பெர்பெர் வம்சாவளிக் குடும்பம் இதைத் தனி அரசாக ஆண்டது. பிறகு வந்த அசாக்ரா பிரபுக்களும் காஸ்டீல், அரகோன் என்ற இரு பெரிய அரசுகளுக்கும் பணியாமல் நூறு ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். ஊருக்குப் பின்னால் மலை மீது ஏறிப்போகும் மதிலைப் பார்த்தால் அது எப்படிச் சாத்தியமானது என்பது விளங்கும். சுற்றுலாப் பேருந்துகள் மாலையில் கிளம்பிவிடும். அதற்குப் பிறகுதான் திண்ணைப் பேச்சு, பந்து விளையாடும் குழந்தைகள் என்று ஊர் தன் முகத்தைக் காட்டுகிறது.

தெருவேலுக்குத் திரும்பி, காந்தாவியேகா போகும் மலைச்சாலையைப் பிடியுங்கள். 1,600 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் கணவாய்கள். எதிரே வண்டி வருவதே அபூர்வம். இருபுறமும் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்வேலிகள், மைல் கணக்கில். இந்த மலைகளின் கதை ஆட்டுரோமக் கதை. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் இங்கே வந்து ரோமம் வாங்கிப்போனார்கள். சின்னஞ்சிறு ஊர்களிலும் கல் மாளிகைகள் நிற்பதற்கு அந்தப் பணமும் ஒரு காரணம். பின்னாளில் வணிகம் நொடித்தது. 20-ஆம் நூற்றாண்டில் இளைஞர்கள் பார்சிலோனாவுக்கும் வலென்சியாவுக்கும் பிழைக்கப் போனார்கள். இடித்துப் புதிதாகக் கட்ட ஆளும் இல்லை, பணமும் இல்லை. நாம் வியக்கும் அழகு அப்படித்தான் தப்பியது. தெருவேல் மாகாணத்தில் இன்றும் சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 'தெருவேலும் இருக்கிறது' என்ற முழக்கத்தோடு ஓர் இயக்கம் எழுந்து, 2019-இல் நாடாளுமன்றம் வரை போனது. அதனால்தான் சொல்கிறேன்: நகரத்தில் தங்கி எட்டிப்பார்த்துவிட்டு வராமல், ஊருக்குள்ளேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பாலாடைக்கட்டியும் ரொட்டியும் அங்கேயே வாங்குங்கள். அந்தக் கடைகள் திறந்திருப்பது நம்மைப் போன்றவர்களாலும்தான்.

காந்தாவியேகா டெம்ப்ளர் வீரத்துறவிகளின் ஊராக இருந்தது. பாறை விளிம்பில் நிற்கிறது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் மிராம்பெல். இந்தப் பயணத்தில் என் மனத்துக்கு மிக நெருங்கிய ஊர் இதுதான். மதில் முழுசாக இருக்கிறது. கன்னியர் மட வாயிலுக்கு மேலே சுட்ட மண்ணிலும் ஜிப்சத்திலும் செய்த பலகணிகள், ஒவ்வொன்றும் ஒரு வடிவம். வெளியுலகத்துக்கு முகம் காட்டாத கன்னியாஸ்திரிகள் அவற்றின் வழியாகத்தான் தெருவைப் பார்த்தார்கள். ஊரும் ஏறக்குறைய சமதரை. அம்மா தாராளமாக நடக்கலாம்.

மொரெய்யா அப்படியல்ல. கோட்டை உச்சி செங்குத்தான ஏற்றம். அம்மாவைச் சாந்தா மரியா தேவாலயத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஏறுங்கள். அங்கே தூண்கள் தாங்கும் பாடகர் மேடையும், அதற்கு ஏறும் சுழல் படிக்கட்டின் சிற்பங்களும் ஒரு மணி நேரம் பார்க்கத் தகுந்தவை.

சாப்பாட்டு நேரம் முக்கியம். மதிய உணவு இரண்டு மணிவாக்கில், இரவு உணவு ஒன்பதுக்கு மேல். நடுவே சமையலறை மூடியிருக்கும். அம்மாவுக்காகப் பழமும் ரொட்டியும் காரில் இருக்கட்டும். சைவம் என்றால் 'இறைச்சி வேண்டாம்' என்பதோடு 'ஹமோன் வேண்டாம்' என்றும் தனியாகச் சொல்லுங்கள். தெருவேல் பன்றித்தொடைக்குப் பேர்போன மாகாணம். காய்கறிப் பதார்த்தத்திலும் அதைத் தூவிவிடுவார்கள். உருளைக்கிழங்கு முட்டை அடை எங்கும் கிடைக்கும். மொரெய்யாவில் பாதாமும் பால்திரட்டும் வைத்துச் செய்யும் ஃபிளாவோன் பலகாரத்தை விட்டுவிடாதீர்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதிச் சீட்டும் வேண்டும். சிறிய காராக எடுத்து, மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். பெட்ரோல் நிலையங்கள் குறைவு, தெருவேலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் கணவாய்களில் பனி விழும். மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர் பாருங்கள்.