இரண்டு சர்வர், ஒரு ஸ்டோரேஜ்: ஸ்னாப்ஷாட்டை எங்கே எடுப்பது?

மன்னார்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் அரிசி ஆலையின் கணக்கு இரண்டு லினக்ஸ் சர்வர்களில் ஓடுகிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஸ்டோரேஜ், அதில் ஜிஎஃப்எஸ்2 (பல சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஃபைல் சிஸ்டம்). சம்பா அறுவடை நேரத்தில் எதையும் நிறுத்த வழியில்லை. ஓடும்போதே எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுக்கப் பார்த்தால் பிழை வருகிறது. என்ன செய்யலாம்?"

ஸ்னாப்ஷாட் என்பது ஒரு கணத்தில் டேட்டா இருந்த நிலையின் நகல்; எல்விஎம் என்பது டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்துக் கையாளும் லினக்ஸ் வசதி. பிழை வந்ததே நல்லது. எல்விஎம் ஸ்னாப்ஷாட்டில், பழைய பிளாக்குகளில் எதையெல்லாம் தனியே எடுத்து வைத்தோம் என்ற கணக்கை ஸ்னாப்ஷாட் எடுத்த அந்த ஒரு சர்வரின் கர்னல்தான் (லினக்ஸின் மையப் பகுதி) வைத்திருக்கும். பக்கத்து சர்வர் எழுதுவது அதற்குத் தெரியாது. ஒரே சர்வரில் மட்டும் வால்யூமை ஆக்டிவாக வைத்தால் எடுக்கலாம். ஆனால் மற்றதில் அன்மவுண்ட் செய்ய வேண்டும். நீங்கள் தவிர்க்க நினைப்பதே அதைத்தானே.

அதனால் இரண்டு சர்வரும் எழுதுவது வந்து சேரும் இடத்தில், ஸ்டோரேஜ் பெட்டியிலேயே எடுங்கள். உங்கள் பெட்டியில் அந்த வசதி இருக்கிறதா, தனி லைசென்ஸ் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். வால்யூம் இரண்டு மூன்று லன்களில் (ஸ்டோரேஜ் பெட்டி சர்வருக்குத் தனி டிஸ்க்காகக் காட்டும் பகுதிகள்) பரவியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் எடுக்க வேண்டும்.

எடுப்பதற்குச் சற்று முன் எஃப்எஸ்ஃப்ரீஸ் கட்டளையால் ஃபைல் சிஸ்டத்தை உறைய வையுங்கள். ஒரு சர்வரில் கொடுத்தால் போதும், ஜிஎஃப்எஸ்2 கிளஸ்டர் முழுவதிலும், அதாவது சேர்ந்து இயங்கும் எல்லா சர்வர்களிலும், எழுதுவதை நிறுத்திவிடும். ஸ்னாப்ஷாட் முடிந்ததும் அதே சர்வரிலிருந்து விடுவியுங்கள். பில் போடுகிறவருக்குத் திரை சில நொடி நிற்பதுபோலத் தெரியும், அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் கவனம்: இதையெல்லாம் செய்யும் ஸ்கிரிப்ட் தன் பதிவுக் கோப்பை (லாக்) அந்த ஃபைல் சிஸ்டத்திலேயே எழுதினால் தானே உறைந்து நிற்கும், விடுவிக்க ஆள் இருக்காது. பதிவுக் கோப்பை வேறு டிஸ்க்கில் வையுங்கள். ஸ்கிரிப்ட் நடுவில் செத்தாலும் விடுவிக்கும் கட்டளை ஓடும்படி எழுதுங்கள்.

டேட்டாபேஸைப் பொறுத்தவரை, இப்படி எடுத்த நகல் கரண்ட் போன கணத்தில் இருந்ததுபோல இருக்கும். போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி இரண்டும் அதிலிருந்து தாமாக மீண்டுவிடும்; டேட்டாவும் டேட்டாபேஸின் மாற்றப் பதிவுகளும் (லாக்) ஒரே ஸ்னாப்ஷாட்டில் இருக்க வேண்டும்.

அப்புறம், நகலைக் கிளஸ்டரில் சேராத மூன்றாவது சர்வரில் எழுதும்படியாகவே மவுண்ட் செய்யுங்கள், ஜர்னலை (ஃபைல் சிஸ்டம் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் இடம்) சரிசெய்ய அது வேண்டும். லாக் புரோட்டோகாலாக (சர்வர்கள் ஒன்றையொன்று பூட்டி ஒழுங்குபடுத்தும் முறை) லாக்_நோலாக், அதாவது பூட்டு இல்லை என்று கொடுங்கள். இதைத் தவறியும் அசல் வால்யூமில் கொடுக்காதீர்கள், டேட்டா குழம்பிவிடும். அசலும் நகலும் ஒரே சர்வருக்குத் தெரிந்தால் அடையாள எண்கள் மோதும். முதலில் நகலுக்குப் புது அடையாள எண் தரும் விஜிஇம்போர்ட்குளோன் கட்டளையை ஓட்டுங்கள்.

ஜிஎஃப்எஸ்2 போன்ற இன்னொரு பொது ஃபைல் சிஸ்டமான ஓசிஎஃப்எஸ்2 வைத்திருப்பவர்களுக்கு ரீஃப்ளிங்க் என்ற உடனடி நகல் வசதி உண்டு, ஆனால் ஃபைல் ஃபைலாகத்தான். பல சர்வர்களில் டேட்டாவைப் பரப்பி வைக்கும் செஃப்எஃப்எஸ் என்றால் வேலை எளிது: டைரக்டரிக்குள் மறைந்திருக்கும் ‘.ஸ்னாப்’பில் ஒரு டைரக்டரி உருவாக்கினால் போதும்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்னாப்ஷாட் அதே பெட்டியில்தான் கிடக்கிறது. பெட்டி போனால் அதுவும் போகும். மூன்றாவது சர்வரிலிருந்து திருச்சிக்கோ வேறெங்கோ ஒரு பிரதி அனுப்பிவிட்டு, பிறகு ஸ்னாப்ஷாட்டை அழித்துவிடுங்கள். விட்டுவைத்தால் ஸ்டோரேஜில் இடத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.