வகுப்பறையில் ஓடும் ரோபோ போட்டி மண்டபத்தில் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: நான் புதுக்குடியிருப்புப் பக்கம் படிப்பிக்கிற ஆசிரியை. எங்கள் பிள்ளைகளின் ரோபோ வகுப்பறையில் கறுப்புக் கோட்டைப் பிடித்து அழகாக ஓடுகிறது. போட்டி மண்டபத்திலோ முதல் வளைவிலேயே வெளியே போய்விடுகிறது. வேகமான மோட்டார் வாங்கினால் அடுத்த சுற்றுக்குப் போகலாமா?

பதில்: மோட்டாருக்குக் காசு செலவழிக்காதீர்கள், ரீச்சர். இப்போது கோட்டை விட்டுப் போகிற ரோபோ, அதைப் பூட்டினால் இன்னும் வேகமாகப் போகும், அவ்வளவுதான். முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்.

கோட்டைப் பார்க்கும் சென்சர் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரை (இன்ஃப்ராரெட்) அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை அளக்கிறது. வெயிலிலும் அதே கதிர் நிறைய உண்டு. எல்இடி விளக்கில் மிகக் குறைவு. கறுப்பா வெள்ளையா என்று பிரிக்க, வெயில் விழும் அரைச்சுவர் வகுப்பறையில் எடுத்த பெறுமானம் மூடிய மண்டபத்தில் பொருந்தாது. ஆகவே அந்த எண்ணை புரோகிராமில் நிரந்தரமாக எழுதாதீர்கள். தொடங்கும்போது ரோபோ கோட்டின் மேல் இடமும் வலமும் திரும்பி, ஒவ்வொரு சென்சரின் அதிகூடிய, அதிகுறைந்த பெறுமானங்களைத் தானே எடுத்துக்கொள்ளட்டும். விதி அதற்கு இடம் தராவிட்டால், பயிற்சி நேரத்தில் செய்யுங்கள். டிசிஆர்டி5000 சென்சர் என்றால் தரையிலிருந்து 2.5 மில்லிமீற்றர் உயரத்தில் நன்றாகப் பிடிக்கும். சுற்றிவரக் கறுப்பு மட்டை ஒட்டினால் பக்க வெளிச்சமும் குறையும்.

அடுத்தது பற்றரி. தொடராக இணைத்த இரண்டு லிதியம் அயன் செல்கள் முழுச் சார்ஜில் 8.4 வோல்ற்று, ஓட ஓட 7.4 பக்கம் இறங்கும். மோட்டாரை இயக்க எல்298என் போர்ட் இருந்தால் அதுவே ஏறக்குறைய 2 வோல்ற்றைத் தின்றுவிடும். முழுச் சார்ஜில் சரியாக எடுத்த வளைவை இறங்கிய பற்றரியில் எடுக்காது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் மல்ரிமீற்றரால் அளந்து பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

சரி, வேகம்? தொடர்ந்து பத்துத் தரம் ஓட விடுங்கள். ஒன்பது தரமாவது முடிக்காவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். எத்தனை முயற்சி, அதில் சிறந்தது மட்டும்தான் கணக்கா என்று விதியை வாசியுங்கள். சிறந்தது மட்டும்தான் கணக்கென்றால் முதல் ஓட்டத்தை மெதுவாக முடித்துவிட்டு இரண்டாவதில் துணியலாம்.

இன்னொன்று, ஓட்டம் மட்டும் எல்லாப் போட்டியிலும் போதாது. பிள்ளைகளுக்கான சர்வதேசப் போட்டியான ஃபெர்ஸ்ட் லெகோ லீக்கில் ரோபோ ஓட்டத்துக்குக் கால் பங்குதான்; மிகுதி ரோபோ வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம், அணியாக நடந்துகொள்ளும் விதம். ஒரே பிள்ளைக்கு மட்டும் புரோகிராம் விளங்கும் அணி, நடுவர் மற்றவர்களைக் கேட்டதும் முழிக்கும்.

அப்புறம் பயணம். பஸ் குலுக்கலில், பாகங்களை இணைக்கிற ஜம்பர் வயர் கழரும். நுனிகளைச் சூட்டுப் பசையால் ஒட்டுங்கள். ரயரில் செம்மண் புழுதி இருந்தால் வழுக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். உபரி மோட்டாரும் சென்சரும் கொழும்பிலிருந்து வர நாள் எடுக்கும், இப்போதே சொல்லி வையுங்கள்.