மெக்கானிக்கல் படித்துவிட்டு லண்டனில் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்: கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு

தம்பி, பாலக்காட்டில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, வரும் செப்டம்பரில் ஒரு வருட எம்.எஸ்சி.க்கு லண்டன் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுவனங்களுக்குப் பணம் திரட்டித் தருவது, நிறுவனங்களை வாங்க விற்க உதவுவது என்ற இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் வேலைக்கு பி.டெக் தடையா, எம்.பி.ஏ. வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. தடையும் இல்லை, எம்.பி.ஏ.வும் வேண்டாம். இங்கே ஆளைக் கவிழ்ப்பது தேதிகள்தான்.

பெரிய வங்கிகள் அடுத்த ஆண்டு அனலிஸ்ட் (புதிதாகச் சேர்பவர்களின் முதல் படி) வேலைக்குக் கோடையிலேயே விண்ணப்பம் திறந்துவிடும். வரவரப் பார்த்து இடத்தை நிரப்பிக்கொண்டே போவார்கள். கடைசித் தேதிக்குக் காத்திருந்தால் இடம் இருக்காது. விமானம் ஏறும் முன்பே, ஊரிலிருந்தே போட்டுவிடுங்கள். ரெஸ்யூம் ஒரே பக்கம். போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி எதுவும் வேண்டாம்.

நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது விசாவில்தான். படிக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஒரு வருட முதுகலையில் கோடையில் ஆய்வேடு எழுதும் மாதங்களும் படிப்புக் காலமாகவே கணக்கு. அதனால் ஜூன் மாதம் தொடங்கும் முழுநேர கோடை இன்டர்ன்ஷிப் கையில் கிடைத்தாலும் சேர முடியாது. படிப்பு முடிந்தபின் தொடங்கும் மூன்று முதல் ஆறு மாத ஆஃப்-சைக்கிள் (வழக்கமான கோடைப் பருவத்துக்கு வெளியே நடக்கும்) இன்டர்ன்ஷிப்புகளைக் குறிவையுங்கள். சிறிய பூட்டிக் வங்கிகளுக்கு நேரடியாக மெயில் போடலாம். அதற்கு முன் பிரிட்டிஷ் அரசு வெளியிடும் ஸ்பான்சர் பட்டியலில், அதாவது வெளிநாட்டவரை வேலை விசாவில் எடுக்க உரிமம் பெற்றவர்களின் பட்டியலில், அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏனென்றால் படிப்பு முடித்தவர்கள் ஸ்பான்சர் இல்லாமல் வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசாவை நீட்டிக்க முடியாது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான்.

இன்டர்வியூவில் கணக்கியல் அடிப்படையைத்தான் தோண்டுவார்கள். 'தேய்மானம் 10 கூடினால் மூன்று அறிக்கைகளும் (லாப நட்டக் கணக்கு, ரொக்க ஓட்டம், இருப்புநிலைக் குறிப்பு) எப்படி மாறும்?' வரி 25% என்றால், வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரி 2.5 குறையும், நிகர லாபம் 7.5 குறையும். பணம் வெளியே போகாத செலவு என்பதால் 10-ஐத் திரும்பக் கூட்ட, ரொக்கம் 2.5 ஏறும். இருப்புநிலைக் குறிப்பில் இயந்திரம் 10 இறங்கி, ரொக்கம் 2.5 ஏற, சொத்து 7.5 குறைகிறது, மறுபக்கம் சேர்த்துவைத்த லாபமும் அதே 7.5. இதைத் தாளில்லாமல் ஒரு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். மனப்பாடம் செய்தவர்கள் 'வரியே இல்லை என்றால்?' என்ற அடுத்த கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள்.

பி.டெக்கை மறைக்காதீர்கள். கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் பயிற்சி எடுத்திருந்தால், அதைக் கணக்காகச் சொல்லுங்கள்: டன்னுக்கு 600 யூனிட் கரண்ட் என்று வைத்தால், யூனிட்டுக்கு ஒரு ரூபாய் ஏறினாலே டன்னுக்கு 600 ரூபாய் லாபம் போகும். எனர்ஜி, இண்டஸ்ட்ரியல்ஸ், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் டீம்களுக்கு இப்படிப் பேசுபவர்கள்தான் வேண்டும். அங்கேயே முதலில் தட்டுங்கள்.

பெங்களூரில் வங்கிகளின் ஆபரேஷன்ஸ் (பின்னணி அலுவலகப் பணி) வேலைக்கும் 'அனலிஸ்ட்' என்றுதான் பெயர். அதில் சேர்ந்து உள்ளிருந்தே, நிறுவனங்களை வாங்கி விற்கும் பேரங்களை நடத்தும் டீல் டீமுக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். அப்படி மாறுகிறவர்கள் மிகக் குறைவு.

உங்கள் அட்மிஷன் கடிதத்தில் படிப்பு முடியும் தேதி இருக்கும். அதை எழுதுங்கள்; எந்த மாதம் மெயில் போடத் தொடங்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.