நானோ வெள்ளி மருந்தைக் காம்புக்குள் ஏற்றலாமா?

கேள்வி: மானூர் பக்கம் கலப்பின ஜெர்சி மாடு ஒன்று வைத்திருக்கிறேன், மூன்றாவது ஈத்து. ஒரே காம்பில் மடிநோய் திரும்பத் திரும்ப வருகிறது. ஊசி போட்டால் அடங்கும், அப்புறம் பால் மறுபடி திரிதிரியாக வரும். ‘நானோ வெள்ளி’ என்று ஒரு பாட்டில் விற்கிறார்கள். காம்புக்குள் ஏற்றினால் கிருமி அடியோடு போய்விடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: காம்புக்குள் ஏற்ற வேண்டாம், அண்ணாச்சி. நானோ வெள்ளி என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள்; அது கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் மடித்திசு புண்ணாகுமா, பாலில் எத்தனை நாள் வெள்ளி இறங்கும் என்பதெல்லாம் சோதித்து, மடிக்குள் ஏற்ற அனுமதி வாங்கிய மருந்தா அது? லேபிளில் அந்த விவரமோ, பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்ற குறிப்போ இல்லையென்றால் தொடாதீர்கள். அந்தப் பாலை வீட்டுப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.

உங்கள் மாட்டுக்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? இப்படி விட்டு விட்டு வருவதற்குப் பெரும்பாலும் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிதான் காரணம். அது மடியின் செல்லுக்குள்ளேயே புகுந்து கொள்ளும், தன்னைச் சுற்றி வழவழப்பான படலமும் கட்டிக்கொள்ளும். சாதாரண மருந்து அங்கே போதுமான அளவு போய்ச் சேராது. நானோ ஆராய்ச்சி குறிவைப்பது இந்த இடத்தைத்தான். மருந்தை மிக நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள் அடைத்தால், செல் அதைத் தானே விழுங்கிக்கொள்ளும், மருந்து கிருமி இருக்கும் இடத்திலேயே அவிழும். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. உருண்டை அந்தக் கணக்கில் சிறிதாக இருப்பதால்தான் இது நடக்கிறது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் கடையில் பாட்டிலில் வருவது அது இல்லை.

நோயைக் கண்டுபிடிப்பதில் நானோ ஏற்கெனவே நம் கைக்கு வந்துவிட்டது. நாய்க்குட்டிக்குப் பார்வோ என்ற கழிச்சல் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பட்டைகள் பலவற்றில் தெரியும் சிவப்புக் கோடு, நுண்ணிய தங்கத் துகளின் நிறம்தான். தங்கம் அந்த அளவுக்குச் சிறுத்தால் சிவப்பாகத் தெரியும்.

 

சரி, இப்போது செய்ய வேண்டியது. அடுத்த ஊசிக்கு முன்னால் பால் மாதிரி எடுங்கள். ஊசி போட்டபின் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். காம்பைக் கழுவித் துடைத்து, நுனியை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, முதல் நாலைந்து பீச்சைத் தனியே விட்டுவிடுங்கள். சுத்தமான குழாயைச் சாய்த்துப் பிடித்துப் பீச்சி, ஐஸ் வைத்து, அன்றைக்கே இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். எந்த மருந்துக்குக் கிருமி கேட்கும் என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள்.

ஐப்பசி, கார்த்திகைச் சகதியில் கொட்டில் ஈரமாகக் கிடந்தால் எந்த மருந்தும் நிற்காது. கறந்தபின் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, உடனே தீவனம் போட்டு அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள். காம்புத் துளை மூட அவ்வளவு நேரமாகும். நோயுள்ள காம்பைக் கடைசியாகக் கறங்கள். பால் வற்றும் சமயத்தில் காம்புக்குள் போடும் நீண்டநாள் மருந்து பற்றி டாக்டரிடம் இப்போதே பேசி வையுங்கள், இந்தக் கிருமியை ஒழிக்க அதுதான் நல்ல நேரம்.