மொரிஸ் மைனர் என்று கேட்காதீர்கள், 4.7 என்று கேளுங்கள்

கேள்வி: அப்பப்பாவின் 1964 மொரிஸ் மைனர் உப்புவெளியில் எங்கள் வீட்டில் நிற்கிறது. வலப்பக்க ஹெட்லைற் மங்கல். சிக்னல் நினைத்தால் எரியும், நினைத்தால் எரியாது. வயர்மன் பார்த்துவிட்டு, "சொருகியெல்லாம் கறள், வெட்டி முறுக்கி டேப் சுத்திவிடுவம்" என்கிறார். டவுனில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன், "மொரிஸ் சாமான் இப்ப வாறதில்லை" என்றுதான் பதில். பழைய மாதிரிச் சொருகி எங்கே எடுக்கலாம்?

பதில்: கடையில் காரின் பெயரைச் சொன்னதுதான் பிழை. அந்தச் சொருகி மொரிஸ்காரர் செய்ததல்ல, வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூக்காஸ் கம்பனி செய்தது. மினி, எம்.ஜி., லாண்ட் ரோவர், ட்ரையம்ப் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் அதேதான் போட்டார்கள். அந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் இன்றும் ஏராளம் என்பதால் பிரித்தானியாவில் இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நீங்கள் கேட்கவேண்டியது "லூக்காஸ் புல்லட், 4.7 மில்லிமீற்றர்", அதோடு அதற்கான ரப்பர் குழாய். புல்லட் என்பது வயர் நுனியில் பற்றவைக்கும் தோட்டா வடிவ முனை; இரண்டு புல்லட்டை இரு பக்கமும் நுழைத்து இணைப்பது, உள்ளே பித்தளை வைத்த அந்த ரப்பர் குழாய். கொழும்புக்குப் போகிறவர் யாராவது இருந்தால் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் இங்கிலாந்தில் இருக்கும் சொந்தக்காரர்தான் வழி. நூறு புல்லட் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும், வருகிறவர் பையில் பாரமே தெரியாது.

ஓட்டோ சாமான் கடையிலும் புல்லட் இருக்குமே என்பீர்கள். இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஜப்பான் அளவு, 4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. லூக்காஸ் குழாய்க்குள் போகும், ஆனால் பிடிக்காது. அவசரத்துக்கு நானும் ஒருமுறை அதைத்தான் போட்டேன். நிலாவெளியிலிருந்து இரவில் வரும்போது, சாம்பல்தீவுப் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் இரண்டு லைற்றும் ஒன்றாக அணைந்தன. வாங்குமுன் சோதிக்க வேர்னியர் அளவுகருவி தேவையில்லை. 3/16 அங்குல ட்ரில் பிற் ஒன்றைக் கொண்டுபோங்கள், அதன் தண்டு 4.76 மில்லிமீற்றர். குழாய்க்குள் இறுக்கமாக நுழைந்தால் சரியான சாமான்.

தட்டையான சொருகிகளுக்கு இந்த அலைச்சல் இல்லை. அவை பெரும்பாலும் 6.3 மில்லிமீற்றர், ஜப்பான் காருக்கும் அதே அளவுதான், டவுனிலேயே எடுக்கலாம்.

மாற்றுமுன் எது கெட்டது என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் நான் முதலில் தொடுவது கறுப்பு வயரை, அதாவது காரின் உடல் தகட்டோடு சேரும் எர்த்தை. பிறகு லைற்றைப் போட்டுவிட்டு, மல்ரிமீற்றரின் இரண்டு முனைகளையும் ஒரே சொருகியின் இரு பக்கமும் வையுங்கள். நல்ல இணைப்பில் 0.1 வோல்ட் தாண்டக்கூடாது. ஒரு வோல்ட் காட்டினால் மின்சாரம் களவு போகும் இடம் அதுதான். வோல்ட்டில் பத்தில் ஒன்று குறைந்தாலே பல்ப் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று போய்விடும்.

குழாயைக் கழற்றிப் பார்த்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கடற்கரை ஊரில் நிற்கிற காருக்கு அது எழுதிவைத்த விதி. குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரிப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், புளிப்பு உள்ளே தங்கி மறுபடி அரிக்கும். குழாயைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

புல்லட் வாங்கும்போது வயருக்குள் எத்தனை இழை என்று எண்ணிக்கொள்ளுங்கள். இன்றைய கணக்கில் 14 இழை என்றால் 1 சதுர மில்லிமீற்றர், 28 என்றால் 2. வெளி அளவு இரண்டுக்கும் 4.7தான், வயர் போகும் துளைதான் வேறு. வயரை உரித்ததும் செம்பு கறுத்திருந்தால் பற்றவைக்கும் ஈயம் பிடிக்காது. மினுங்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள், வராவிட்டால் அந்த வயரையே மாற்றுங்கள். வயரைப் புல்லட்டுக்குள் செலுத்தி, நுனித் துளையில் இழை எட்டிப்பார்க்கும்போது ஈயம் வையுங்கள். ஒரு துளி போதும், வழிந்தால் குழாய்க்குள் நுழையாது. நுழைக்குமுன் கொஞ்சம் வாஸ்லின் பூசினால் உப்புக் காற்றும் அண்டாது, இறக்குவதும் சுலபம்.

முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். அந்தக் காரில் இரண்டே பியூஸ், ஹெட்லைற் வயர் எதிலும் சேராது. டேப் இளகி வயர் காரின் பொடியில் (உடல் தகட்டில்) பட்டால் தடுக்க ஒன்றும் இல்லை, வயர் எரியும்.

ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் பூட்டச் சொல்லுங்கள். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் ஹைபீம், நீலத்தில் சிவப்புக் கோடு போட்டது டிம். அறுபது வருடத் தூசியில் இரண்டும் ஒரே கபிலமாகத்தான் தெரியும், ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும். வேலை தொடங்குமுன் பற்றரியைக் கழற்ற மறக்கவேண்டாம். திரும்பப் பூட்டும்போது, யாரும் இடையில் மாற்றியிருக்காவிட்டால் உங்கள் காரில் பொடிக்குப் போவது பொசிற்றிவ், இப்போதைய கார்களைப்போல நெகற்றிவ் அல்ல. இதை வயர்மனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.